பென் டிரைவும் லினக்ஸும்: கடைசிப் பெட்டி வந்து சேர்ந்ததா?

பென் டிரைவ் இல்லாத வீடு இன்று அபூர்வம். பேரக்குழந்தைகளின் போட்டோக்கள், பென்ஷன் காகிதங்களின் பிரதிகள், கச்சேரிப் பதிவுகள், சங்க உறுப்பினர் பட்டியல் என எல்லாமே கட்டைவிரல் அளவுள்ள இந்தச் சாதனத்தில் அடங்கிவிடுகின்றன.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் அளித்துவந்த வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-ஐ ஏற்காத பழைய கம்ப்யூட்டர்கள் பல வீடுகளில் இன்னும் நன்றாகவே ஓடுகின்றன. அவற்றைக் காயலான் கடைக்கு அனுப்ப மனமில்லாதவர்கள் லினக்ஸுக்கு மாறுகிறார்கள். நம் அன்பர்கள் சிலரும் மாறியிருக்கிறார்கள். அவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "காப்பி முடிந்துவிட்டது என்று லினக்ஸ் காட்டுகிறது. பென் டிரைவை எடுத்து வேறு கம்ப்யூட்டரில் போட்டால் ஃபைல் திறக்க மறுக்கிறதே, ஏன்?"

பழுது பென் டிரைவிலும் இல்லை, லினக்ஸிலும் இல்லை. இரண்டும் வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொண்டால் விடை கிடைத்துவிடும்.

லினக்ஸ் எங்கிருந்து வந்தது?

1991-ல் ஃபின்லாந்தில், ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கி வைத்தது லினக்ஸ். இதன் மூலநிரல் எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. யாரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். கேரள அரசுப் பள்ளிகளில் பல ஆண்டுகளாகப் பிள்ளைகள் கற்பது லினக்ஸில்தான். சென்னையிலுள்ள சி-டாக் மையம் இந்திய மொழிகளுக்கேற்ப 'பாஸ்' என்ற லினக்ஸ் தொகுப்பை உருவாக்கியது. வீட்டு உபயோகத்துக்கு லினக்ஸ் மின்ட், உபுண்டு ஆகிய தொகுப்புகள் எளிதானவை.

காப்பி முடிந்த பிறகும் ஓடும் வேலை

பென் டிரைவுக்குள் இருப்பவை ஒரு ஃப்ளாஷ் சிப், அதை நிர்வகிக்கும் ஒரு கட்டுப்பாட்டுச் சிப். ஃப்ளாஷ் சிப்பில் நினைத்த இடத்தில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றி எழுத முடியாது. ஒரு பெரிய பகுதியை மொத்தமாக அழித்துவிட்டுத்தான் புதிதாக எழுத வேண்டும். அதனால் படிப்பதைவிட எழுதுவதற்கு நேரம் அதிகம் பிடிக்கும். கம்ப்யூட்டரின் உள் நினைவகமோ இதைவிடப் பல மடங்கு வேகமானது.

ஆகவே லினக்ஸ் ஒரு தந்திரம் செய்கிறது. நீங்கள் காப்பி செய்வதை முதலில் உள் நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொள்கிறது. பிறகு நிதானமாகப் பென் டிரைவுக்கு அனுப்புகிறது. பொதுவான அமைப்பில் ஒரு தகவல் 30 வினாடி வரைகூட இப்படிக் காத்திருக்கலாம். பெரிய ஃபைலானால் நூற்றுக்கணக்கான எம்.பி. காத்திருக்கும். பென் டிரைவ் வினாடிக்கு 10 எம்.பி. எழுதுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 600 எம்.பி. பாக்கியிருந்தால், திரையில் 'முடிந்தது' என்று வந்த பிறகும் ஒரு நிமிட வேலை மிச்சமிருக்கிறது.

ரயில்வேயில் இதற்குப் பொருத்தமான ஒரு நடைமுறை உண்டு. எஞ்சின் ஸ்டேஷனைத் தாண்டிவிட்டது என்பதற்காக வண்டி முழுவதும் வந்துவிட்டதாக ஸ்டேஷன் மாஸ்டர் எடுத்துக்கொள்ள மாட்டார். கடைசிப் பெட்டியின் பின்னால் தொங்கும் 'எல்.வி.' பலகையை, இரவானால் சிவப்பு விளக்கைப் பார்க்க வேண்டும். நடுவில் கப்ளிங் விட்டுப்போய்ப் பாதி வண்டி பின்னாலேயே நின்றிருக்கலாம் அல்லவா? திரையில் வரும் 'முடிந்தது' என்பது எஞ்சின் வந்த செய்தி மட்டுமே.

விண்டோஸில் இந்தத் தொல்லை குறைவாகத் தெரிந்ததற்கும் காரணம் உண்டு. விண்டோஸ் 10-இன் 1809 என்னும் 2018-ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து, பென் டிரைவுக்கு எழுதுவதைக் காத்திருப்பில் வைக்காமல் உடனே அனுப்புவதே பொது அமைப்பாயிற்று. வேகம் சற்றுக் குறைந்தாலும், அப்படியே பிடுங்கும் பழக்கம் நமக்கு வந்துவிட்டது.

பாதியில் பிடுங்கினால் கெடுவது அந்த ஒரு ஃபைல் மட்டுமன்று. எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று காட்டும் அட்டவணை ஒன்று பென் டிரைவில் இருக்கிறது. அதை எழுதும்போது தொடர்பு அறுந்தால், முன்பே பத்திரமாக இருந்த ஃபைல்களும் காணாமற்போகக் கூடும்.

கழற்றும் முறை

1. பென் டிரைவிலிருந்து திறந்த ஃபைல்களையெல்லாம் மூடுங்கள்.

2. ஃபைல் மேலாளர் திரையின் இடப்பக்கத்தில் பென் டிரைவின் பெயருக்கு அருகே மேல்நோக்கிய முக்கோணம் போன்ற 'எஜெக்ட்' குறி இருக்கும். அதை அழுத்துங்கள்.

3. எழுதும் வேலை பாக்கியிருந்தால் காத்திருக்கச் சொல்லிச் செய்தி வரும். பொறுங்கள். கழற்றலாம் என்ற செய்தி வந்த பிறகோ, பட்டியலிலிருந்து பெயர் மறைந்த பிறகோ கழற்றுங்கள். அதுதான் எல்.வி. பலகை.

4. 'சாதனம் உபயோகத்தில் உள்ளது' என்று வந்தால் ஏதோ ஒரு ஃபைல் இன்னும் திறந்திருக்கிறது என்று பொருள். அதைத் தேடி மூடுங்கள். ஒன்றும் புரியாவிட்டால் கம்ப்யூட்டரை முறையாக நிறுத்திவிட்டுக் கழற்றலாம்.

எந்த ஃபார்மட்?

பழைய எஃப்.ஏ.டி.32 அமைப்பு ஏறத்தாழ எல்லாக் கருவிகளிலும் ஓடும். ஆனால் 4 ஜி.பி. அளவை எட்டும் ஃபைலை ஏற்காது. திருமண வீடியோவைக் காப்பி செய்யும்போது பென் டிரைவில் இடமிருந்தும் 'முடியாது' என்று வந்தால் இதுவே காரணம். எக்ஸ்-ஃபேட் அமைப்பில் அந்தத் தடை இல்லை. 2019-ல் மைக்ரோசாஃப்ட் இதன் தொழில்நுட்ப விவரங்களை வெளியிட்ட பிறகு, லினக்ஸின் மையப் பகுதியிலேயே இதற்கு இடம் கிடைத்துவிட்டது. விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் இடையே கொண்டுசெல்ல இதுவே வசதி. லினக்ஸுக்கே உரிய எக்ஸ்ட்-4 அமைப்பைச் சாதாரண விண்டோஸ் திறக்காது. ஃபார்மட்டை மாற்றினால் உள்ளே இருப்பவை அழிந்துவிடும்; முதலில் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.

வாங்காமலே ஓட்டிப் பார்க்கலாம்

இன்னும் லினக்ஸுக்கு மாறாதவர்களுக்கும் பென் டிரைவ் உதவும். கம்ப்யூட்டரிலுள்ள விண்டோஸைத் தொடாமலே, பென் டிரைவிலிருந்து லினக்ஸை ஓட்டிப் பார்க்கலாம். 8 ஜி.பி. பென் டிரைவ் ஒன்று போதும். லினக்ஸ் மின்ட்டின் ஐ.எஸ்.ஓ. ஃபைலை இணையத்திலிருந்து இறக்கி, 'ரூஃபஸ்' போன்ற புரோகிராமால் பென் டிரைவில் எழுத வேண்டும். வெறுமனே காப்பி செய்தால் ஓடாது. எழுதும்போது பென் டிரைவில் இருப்பவை அனைத்தும் அழியும். ஆகவே வேறு பென் டிரைவோ ஹார்டு டிஸ்க்கோ செருகியிருந்தால் அவற்றைக் கழற்றிவிடுங்கள். திரையில் காட்டும் அளவைப் பார்த்துச் சரியானதைத் தேர்ந்தெடுங்கள்.

பிறகு கம்ப்யூட்டரை இயக்கும்போது எஃப்-12 அல்லது அந்தக் கம்பெனிக்குரிய விசையை அழுத்திப் பென் டிரைவைத் தேர்ந்தெடுத்தால் லினக்ஸ் வரும். வை-ஃபை, ஒலி, பிரிண்டர் ஆகியவை வேலை செய்கின்றனவா என்று பாருங்கள். தமிழ்99 முறையில் தட்டச்சு செய்யும் வசதியும் உண்டு. இந்தச் சோதனை ஓட்டத்தில் சேமிப்பவை கம்ப்யூட்டரை நிறுத்தியதும் மறைந்துவிடும். பிடித்திருந்தால் மட்டும், எல்லாவற்றுக்கும் பிரதி எடுத்த பிறகு 'இன்ஸ்டால்' பொத்தானைத் தொடுங்கள்.

பென் டிரைவ் பெட்டகம் அன்று

ஃப்ளாஷ் சிப்பில் தகவல் மின்னூட்டமாகத் தங்குகிறது. பல ஆண்டுகள் பயன்படுத்தாமல் கிடந்தால் அது கசியக்கூடும். கட்டுப்பாட்டுச் சிப் பழுதானால் எல்லாம் ஒரே நாளில் போய்விடும். எந்த ஆபரேட்டிங் சிஸ்டமும் இதற்கு விலக்கன்று. பொருளை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுசெல்லும் வண்டியாகவே பென் டிரைவைக் கருத வேண்டும். அது கிடங்கு அல்ல.

வெளிமாநிலத் தமிழ்ச் சங்கங்கள் போன்ற அமைப்புகளுக்கு இது மிக முக்கியம். முகவரிப் பட்டியல், பழைய மலர்களின் ஸ்கேன் பிரதிகள், விழாப் படங்கள், கணக்கு எல்லாம் ஒரே பென் டிரைவில் இருந்து, அது ஒரு பொறுப்பாளரிடமிருந்து அடுத்தவருக்குக் கைமாறுவது பல இடங்களில் வழக்கம். அது போனால் கடையில் வேறு வாங்கலாம். உள்ளே இருந்த நாற்பது வருட வரலாற்றை எங்கே வாங்குவது? வெளிப்புற ஹார்டு டிஸ்க் ஒன்றில் இன்னொரு பிரதி எடுத்து வேறொருவர் வீட்டில் வையுங்கள். வருடத்துக்கு ஒருமுறை இரண்டையும் திறந்து பாருங்கள். பொறுப்பு மாறும்போது பென் டிரைவைக் கையில் கொடுப்பதோடு நில்லாமல், புதியவரின் கம்ப்யூட்டரில் அதைச் செருகி, நாலைந்து ஃபைல்களையாவது திறந்து காட்டிய பிறகே கையெழுத்து வாங்குங்கள்.