மஞ்சளாகும் கடிகாரம்

கைகள் கட்டப்பட்ட கைதியாக, கொலைக்களத்துக்குப் போகும் குதிரை வண்டியில் கண் விழிப்பதுதான் 'ஸ்கைரிம்' ஆட்டத்தின் தொடக்கம். 2011இல் பெதஸ்டா வெளியிட்ட ஆட்டம் இது. வண்டி மலைப்பாதையில் மெதுவாக இறங்கும். எதிரே உட்கார்ந்திருப்பவர் பேச்சுக் கொடுப்பார். வேகமான கிராஃபிக்ஸ் கார்டும் 144 ஹெர்ட்ஸ் மானிட்டரும் வாங்கி, ஃபிரேம் வரம்பையும் நீக்கிவிட்டு ஆடத் தொடங்கியவர்கள் வேறொரு காட்சியைப் பார்த்தார்கள். வண்டி குலுங்கியது, ஒருக்களித்தது, குட்டிக்கரணம் போட்டது. ஊருக்குள் போன பிறகும் நிம்மதி இல்லை. ஒரு வீட்டுக் கதவைத் திறந்தால், மேஜைமேல் இருந்த தட்டும் கிண்ணமும் யாரும் தொடாமலே சிதறின.

கம்ப்யூட்டருக்குச் சக்தி போதாமல் ஆட்டம் திக்கினால் புரிந்துகொள்ளலாம். சக்தி கூடிப்போனதால் வண்டி ஏன் கவிழ வேண்டும்?

ஆட்டத்துக்குள் காலம் ஓடுவதில்லை, தாவுகிறது. ஒவ்வொரு தாவலிலும் இயற்பியல் எஞ்சின் ஒவ்வொரு பொருளின் வேகத்தையும் அதன்மீதுள்ள விசைகளையும் பார்த்து, அடுத்த சின்ன நேரத் துண்டின் முடிவில் அது எங்கே இருக்கும் என்று கணக்கிடுகிறது. இடையில் நடப்பது அதற்குத் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு வரப்பில் நடப்பவர் இத்தனை அடிக்கு ஒருமுறை கண் திறந்து பார்ப்பதைப் போலத்தான். இரண்டடிக்கு ஒருமுறை பார்த்தால் தப்பிக்கலாம். இருபதடிக்கு ஒருமுறை என்றால் சேற்றில் விழ வேண்டியதுதான்.

பழைய ஆட்டங்களில் ஒரு ஃபிரேமுக்கு, அதாவது திரையில் வரையும் ஒரு படத்துக்கு, ஒரு துண்டு என்பதே வழக்கம். விநாடிக்கு 60 ஃபிரேம் என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஃபிரேமுக்கும் அறுபதில் ஒரு விநாடியை நகர்த்திவிடுவார்கள். அதே ஆட்டம் 144 ஃபிரேமில் ஓடினால், நம் கடிகாரத்தில் ஒரு விநாடி கழிவதற்குள் அங்கே 2.4 விநாடி கழிந்துவிடும். 1978இன் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' இந்தக் குறையிலேயே புகழ் பெற்றது. எதிரிகள் சாகச் சாக, வரைய வேண்டியது குறைந்து, மிஞ்சியவர்கள் வேகமெடுத்தார்கள். அதை வடிவமைத்த நிஷிகாடோ அப்படியே விட்டுவிட்டார். 'டார்க் சோல்ஸ் 2' ஆடியவர்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 30 ஃபிரேமில் ஓடிய கன்சோலைவிட, 60 ஃபிரேமில் ஓடிய கம்ப்யூட்டரில் வாள் இரு மடங்கு வேகமாகத் தேய்ந்தது. திருத்தம் வர 2015 ஆகிவிட்டது.

சரி, ஒவ்வொரு ஃபிரேமுக்கும் உண்மையில் எவ்வளவு நேரம் ஆனதோ அதையே துண்டாக வைத்துக்கொண்டால் என்ன? வேகம் சரியாகிவிடும். ஆனால் தட்டு மேஜைமேல் சும்மா கிடக்காது. புவியீர்ப்பு ஒவ்வொரு துண்டிலும் தட்டைக் கீழே இழுத்து, மரத்துக்குள் இம்மியளவு புதைக்கிறது. எஞ்சின் அதைக் கண்டுபிடித்து வெளியே தள்ளுகிறது. பல எஞ்சின்களில் இந்தத் தள்ளலின் வேகம், புதைந்த ஆழத்தைத் துண்டின் நீளத்தால் வகுத்துக் கிடைப்பது. 1 மில்லிமீட்டர் புதைந்திருந்தால், அறுபதில் ஒரு விநாடித் துண்டில் அது விநாடிக்கு 6 சென்டிமீட்டர். நூற்று நாற்பத்து நான்கில் ஒன்று என்றால் 14.4 சென்டிமீட்டர். ஆற்றல் வேகத்தின் இருபடியில் ஏறுவதால், தட்டுக்குக் கிடைப்பது கிட்டத்தட்ட ஆறு மடங்கு உதை. எந்த நீளத்தை மனத்தில் வைத்துத் தட்டும் மேஜையும் செதுக்கப்பட்டனவோ, அதை விட்டு விலகினால் கணக்கு முரண்டு பிடிக்கும்.

ஆட்டத்தை மாற்றும் ரசிகர் ஆக்கங்களான மாட்களைப் போடுபவர்களின் தலைவலி இங்கேதான் தொடங்குகிறது. ஸ்கைரிமில் நூற்றுக்கணக்கான மாட்களை அடுக்குவது சர்வசாதாரணம்: புது மரங்கள், புது வெளிச்சம், தெரு முழுக்கக் கூடுதல் ஜனங்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு ஸ்கிரிப்ட். காட்டுவழியில் 110 ஃபிரேம் காட்டும் ஆட்டம், நகரத்துக்குள் நுழைந்ததும் 40க்கு விழும். குறைவாக இருப்பதைவிடக் கெட்டது இந்த ஏற்ற இறக்கம். துண்டின் நீளம் நொடிக்கு நொடி மாறிக்கொண்டே இருக்கிறது. 2016இல் வந்த சிறப்புப் பதிப்பின் அமைப்புகளை வைத்திருக்கும் ஐஎன்ஐ கோப்பில் ஒரு துண்டின் உச்ச நீளத்தைச் சொல்லும் வரி உண்டு. இருப்பது 0.0167, அதாவது அறுபதில் ஒன்று. 144 ஹெர்ட்ஸ்காரர்கள் அதை 0.0069 ஆக்குவார்கள். வண்டி அடங்கிவிடும். ஆனால் நகரத்தில் ஃபிரேம் சரிந்ததும் விழும் பொருள்கள் தண்ணீருக்குள் விழுவதுபோல மிதக்கும். ஃபிரேம் ரேட்டைக் கவனித்து இந்த எண்ணை ஓட்டத்திலேயே மாற்றித் தருகிற 'எஸ்எஸ்இ டிஸ்ப்ளே ட்வீக்ஸ்' என்ற மாட்டுக்கு இருக்கும் மவுசு இதனால்தான்.

வேறொரு வழி, படம் வரைவதையும் இயற்பியலையும் பிரித்துவிடுவது. கிளென் ஃபீட்லர் 2004இல் எழுதிய ஒரு கட்டுரை இதை ஆட்டம் எழுதுபவர்களிடையே பரப்பியது. இயற்பியலின் துண்டு எப்போதும் ஒரே நீளம். யுனிட்டி எஞ்சினில் வழக்கமாக 0.02 விநாடி. போன ஃபிரேம் வரைய எவ்வளவு நேரம் ஆனதோ அதற்குள் எத்தனை துண்டு அடங்குமோ அத்தனையையும் கணக்கிட்டுவிட்டு, அடுத்த படத்தை வரைய வேண்டும். மீதிச் சில்லறை நேரம் அடுத்த ஃபிரேமுக்குப் போகும். 144 ஃபிரேமாக இருந்தாலும் 30 ஆக இருந்தாலும் தட்டு அசையாது.

இதிலும் ஒரு பொறி இருக்கிறது. ஒரு துண்டைக் கணக்கிடவே 0.02 விநாடிக்கு மேல் ஆனால்? பாக்கி சேரும். அடுத்த ஃபிரேமில் கூடுதல் துண்டுகள், அதனால் கூடுதல் தாமதம், அதனால் இன்னும் கூடுதல் துண்டுகள். சில நொடியில் ஆட்டம் உறைந்துவிடும். மரணச் சுழல் என்று இதற்குப் பெயரே உண்டு.

இந்தச் சுழலை அருகில் பார்க்க 'கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம்' போல வேறொரு ஆட்டம் இல்லை. மெக்சிகோ நகரத்தின் ஸ்குவாட் நிறுவனம் 2011இல் முதல் பதிப்பை விட்டது. தொட்டி, எஞ்சின், இறக்கை, கால் என்று பாகம் பாகமாகக் கோத்து ராக்கெட் கட்ட வேண்டும். ஒவ்வொரு பாகமும் தனிப் பொருள். அடுத்தடுத்த இரண்டு பாகங்களுக்கு நடுவில் ஒரு மூட்டு. இயற்பியல் எஞ்சின் இந்த மூட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக, குறிப்பிட்ட சில சுற்றுகள் மட்டுமே சரிசெய்யும். 40 பாகம் உயரமான ராக்கெட்டில் அடிப்பாகத்தின் உந்துதல் தலைக்குப் போய்ச் சேருவதற்குள் சுற்றுகள் தீர்ந்துவிடும். அதனால் ராக்கெட் வளைந்து ஆடுகிறது. கனமான இரண்டு தொட்டிகளுக்கு நடுவே லேசான ஒரு வளையம் இருந்தால் இன்னும் மோசம். மாட்கள் பாகங்களைப் பெருக்குகின்றன. 'ஃபெராம் ஏரோஸ்பேஸ் ரிசர்ச்' போன்றவை காற்றின் கணக்கையும் கூட்டுகின்றன. மூட்டால் இணைந்த விண்கப்பல் முழுவதும் ஒரே கணக்கு என்பதால் சிபியூவின் ஒரே ஒரு கோரில்தான் அது ஓடியாக வேண்டும். லட்ச ரூபாய் கிராஃபிக்ஸ் கார்டு பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும்.

இந்த ஆட்டத்தின் அமைப்புப் பக்கத்தில் ஒரு நகர்த்தி இருக்கிறது. ஒரு ஃபிரேமுக்குள் அதிகபட்சம் எவ்வளவு இயற்பியல் நேரத்தைக் கணக்கிடலாம் என்பதை அது சொல்கிறது. இங்கும் துண்டு 0.02 விநாடி என்பதால், 0.04 என்று வைத்தால் இரண்டு துண்டு, 0.12 என்றால் ஆறு. அதற்கு மேல் பாக்கி நின்றால் தள்ளுபடி. ஆட்டத்தின் காலம் நம் காலத்தைவிட மெதுவாகப் போகும். திரையின் இடது மேல் மூலையில் இருக்கும் கடிகாரம் பச்சையிலிருந்து மஞ்சளாகும். புதிதாக ஆடுபவர்கள் மஞ்சளைக் கண்டு பதறி, காலம் நிஜ வேகத்தில் ஓட வேண்டும் என்று நகர்த்தியை 0.12க்குத் தள்ளிவிடுகிறார்கள். அது லாபமா என்று பார்ப்போம்.

600 பாகக் கப்பல் ஒன்று. ஒரு துண்டைக் கணக்கிட 40 மில்லிவிநாடி, படம் வரைய 15 மில்லிவிநாடி ஆவதாக வைத்துக்கொள்வோம். 0.04இல் ஒரு ஃபிரேமுக்கு 95 மில்லிவிநாடி ஆகும். விநாடிக்குப் பத்துச் சொச்சம் ஃபிரேம். காலம் நிஜத்தில் 42 சதவீத வேகத்தில் போகும். 0.12இல் ஒரு ஃபிரேமுக்கு 255 மில்லிவிநாடி. ஃபிரேம் நான்குக்கு விழுந்துவிடும்; காலமோ 47 சதவீதம்தான். ஐந்து சதவீத வேகத்துக்காகப் பாதிக்கு மேல் ஃபிரேமை விற்ற கதை. துண்டு ஒன்றுக்கு 40 மில்லிவிநாடி ஆகும்வரை 50 சதவீதத்தை யாராலும் தாண்ட முடியாது. நகர்த்தி எங்கே இருந்தாலும் சரி.

எனவே என் கட்சி 0.04, அல்லது அதற்கும் கீழே. தள்ளுபடியாவது காலம் மட்டும்தான், விசைகள் கெடுவதில்லை. காலத்தைக் கெடுக்காமல் துண்டைப் பெரிதாக்கினால் என்ன ஆகும் என்பதையும் அதே ஆட்டம் காட்டுகிறது. இயற்பியலோடு சேர்த்துக் காலத்தை 4 மடங்கு விரைவாக்கும் வசதியில் 0.02 என்ற துண்டு 0.08 ஆக நீள்கிறது. எளிமையான கணக்கு முறை ஒன்றில், 0.02 துண்டில் விநாடிக்கு சுமார் 16 முறை அதிரும் ஒரு சுருள்வில்வரை கட்டுமீறாமல் ஆட்டிவைக்கலாம். 0.08இல் அந்த எல்லை 4 முறையாகச் சுருங்குகிறது. அதைவிட விறைப்பான வில் எதுவானாலும் ஒவ்வொரு தாவலிலும் இலக்கைத் தாண்டிப் போய், திரும்பும்போது இன்னும் அதிகம் தாண்டி, இல்லாத ஆற்றலை எங்கிருந்தோ சேர்த்துக்கொள்ளும். மூட்டுகளும் அப்படித்தான். அமைதியாக நிலவுக்குப் போய்க்கொண்டிருந்த கப்பல் நடுங்கி உடைவதைப் பார்த்தவர்கள், கடலரக்கன் கிராக்கனின் பெயரை அதற்குச் சூட்டினார்கள்.

கிராக்கனுக்கு இன்னொரு வேரும் உண்டு. இடங்களைக் குறிக்கும் எண்கள் 24 இருமத் துல்லியம்தான் கொண்டவை. ஆட்டத்தின் பூமியான கெர்பின் கோளின் ஆரம் 600 கிலோமீட்டர். கோளின் மையத்திலிருந்து அளந்தால் அடுத்தடுத்த இரு எண்களுக்கு நடுவே 6.25 சென்டிமீட்டர் இடைவெளி விழும். ஒரு மூட்டு அதைவிட நுணுக்கமாக நகர வேண்டும். ஆகவே கப்பலை மையத்தில் வைத்து அண்டத்தையே அதைச் சுற்றி நகர்த்துகிறார்கள். கோப்பர்நிக்கஸ் மன்னிப்பாராக.

நிஜமாகவே பலன் தருவது, துண்டைக் கணக்கிட ஆகும் நேரத்தைக் குறைப்பது. பல பாகங்களை ஒன்றாக ஒட்டித் தரும் வெல்டிங் மாட் உண்டு. 'கெர்பல் ஜாயின்ட் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட்' மூட்டுகளை விறைப்பாக்குவதால், தாங்கிப் பிடிக்கவென்று கூடுதல் பாகங்களை அடுக்க வேண்டியதில்லை. 2016இல் வந்த 1.2 பதிப்பு ஆட்டத்துக்குள்ளேயே தானியங்கித் தாங்குகால்களைக் கொடுத்தது. அலங்காரப் பாகங்களைக் கழற்றிப் போட மனம் வந்தால் அதைவிட நல்லது, யாருக்கும் வருவதில்லை.

மஞ்சள் கடிகாரத்தோடு நிலவில் இறங்குவது, கேட்பதற்குத் தோன்றும் அளவுக்குக் கஷ்டமில்லை. 0.04இல் ஒவ்வொரு படத்துக்கும் இடையே ஆட்டத்தில் கழிவது அதிகபட்சம் 0.04 விநாடி, எவ்வளவு திணறினாலும் ஆட்டத்தின் ஒரு விநாடிக்கு 25 படங்கள் கண்ணில் படும். 0.12இல் எட்டுதான். விநாடிக்கு 20 மீட்டரில் இறங்கும் கப்பல் முதல் வகையில் படத்துக்குப் படம் 80 சென்டிமீட்டர் நகரும், இரண்டாவதில் 2.4 மீட்டர். எஞ்சினை எப்போது அணைப்பது என்று முடிவெடுக்க, நிஜ வேகத்தில் ஆடுபவரைவிட இரண்டு மடங்குக்கும் மேல் நேரம் கையில் இருக்கிறது. எரிபொருளும் அதே மெதுவான வேகத்தில்தான் தீர்கிறது.