விரியாத காற்றுப்பையும் நுகர்வோர் உரிமையும்

பத்தாம் வகுப்பில் கணத்தாக்கு பாடம் நடத்தும்போது நான் வழக்கமாக இரண்டு எடுத்துக்காட்டுகள் சொல்வேன். கிரிக்கெட் பந்தைப் பிடிப்பவர் கையைப் பின்னோக்கி இழுப்பது ஒன்று. காரில் உள்ள காற்றுப்பை, அதாவது நாம் ஏர்பேக் என்று சொல்வது, மற்றொன்று. உந்தம் மாறும் நேரத்தை நீட்டினால் உடலில் விழும் விசை குறையும் என்று கரும்பலகையில் எழுதிக் காட்டுவேன். சில ஆண்டுகளாக அந்த இரண்டாவது எடுத்துக்காட்டைச் சொல்லும்போதெல்லாம் நண்பர் ஒருவர் நினைவுக்கு வருகிறார்.

அவர் பக்கத்து ஒன்றியத்தில் தலைமை ஆசிரியர். விடைத்தாள் திருத்தும் முகாமுக்கு அதிகாலையில் காரில் சென்றபோது, குறுக்கே வந்த மாட்டுக்காக வண்டியைத் திருப்பி, சிறு பாலத்தின் கைப்பிடிச் சுவரில் நேராக மோதிவிட்டார். இருக்கைப் பட்டை அணிந்திருந்தார். முன்னால் இருந்த இரண்டு காற்றுப்பைகளும் விரியவில்லை. தாடை உடைந்தது, நெஞ்செலும்பில் விரிசல். பேச முடியாமல் மூன்று மாதம் விடுப்பில் இருந்தார். சர்வீஸ் சென்டரில் கேட்டதற்கு, "மோதின வேகம் பத்தல சார், அதான் விரியல" என்று ஒரே வரியில் பதில் வந்தது. காப்பீட்டு நிறுவனம் முழுச் சேதம் என்று பணம் கொடுத்தது. வண்டி பழைய இரும்புக்குப் போனது.

எட்டு மாதம் கழித்து, வழக்குப் போடலாமா என்று கேட்க வழக்கறிஞர் ஒருவரிடம் இருவரும் சென்றோம். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்ட அவர் ஒரே கேள்விதான் கேட்டார்: "வண்டி எங்க சார்?"

அந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. நமக்கு உரிமை இருந்தது. அதை நிலைநாட்டும் சான்றுதான் கையில் இல்லை. அதன்பின் நான் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டவற்றை நம் ஆசிரியர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

காற்றுப்பை எவ்வாறு இயங்குகிறது?

வண்டியின் வேகம் திடீரென்று குறைவதை உணரிகள் அளந்து, ஒரு சிறிய கட்டுப்பாட்டுக் கணினிக்கு அனுப்புகின்றன. கடுமையான மோதல் என்று அது முடிவு செய்தால் மின்சைகை அனுப்பும். வாயுவை உண்டாக்கும் உலோகக் குடுவைக்குள் இருக்கும் வேதிப்பொருள் எரிந்து, பை விரிகிறது. இவ்வளவும் ஒரு விநாடியின் இருபதில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடுகிறது. முற்காலக் காற்றுப்பைகளில் சோடியம் அசைடு சிதைந்து நைட்ரஜன் வாயு வெளிவந்தது. பிற்காலத்தில் வேறு வேதிப்பொருள்கள் வந்தன.

இந்த அமைப்பு மூன்று விதமாகத் தவறலாம். விரிய வேண்டிய நேரத்தில் விரியாமல் போவது முதலாவது. மோதலே இல்லாமல் திடீரென விரிந்து ஓட்டுநரை நிலைகுலையச் செய்வது இரண்டாவது. பை விரியும்போது உலோகக் குடுவையே வெடித்துச் சிதறுவது மூன்றாவது. இதுதான் மிகக் கொடியது. உலகம் இதை அறிந்தது டகாட்டா என்ற பெயரால்.

டகாட்டா சொல்லும் பாடம்

டகாட்டா ஜப்பானிய நிறுவனம். உலகின் பல முன்னணிக் கார் நிறுவனங்களுக்குக் காற்றுப்பைகளைச் செய்து கொடுத்தது. வாயுவை உண்டாக்க அது அம்மோனியம் நைட்ரேட்டைப் பயன்படுத்தியது. இது ஈரத்தை எளிதில் உறிஞ்சும். வெப்பம் ஏறி இறங்கும்போது இதன் படிக அமைப்பு மாறும். ஈரத்தை ஈர்த்துக்கொள்ளும் உலர்த்தி சேர்க்கப்படாத குடுவைகளில், பல ஆண்டு வெயிலிலும் ஈரக்காற்றிலும் மாத்திரை வடிவில் இருந்த பொருள் நொறுங்கத் தொடங்கியது. மார்பிள் துண்டைவிட மார்பிள் தூள் அமிலத்தோடு வேகமாக வினைபுரியும் என்று நாம் பாடம் நடத்துகிறோம் அல்லவா? அதே கதைதான் இங்கும். புறப்பரப்பு கூடியதும் பொருள் அளவுக்கு மீறிய வேகத்தில் எரிந்தது. அழுத்தம் தாங்காமல் குடுவை உடைந்து, உலோகத் துண்டுகள் பையைக் கிழித்துக்கொண்டு பாய்ந்தன.

2009இல் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் ஒரு பள்ளியின் வாகன நிறுத்துமிடத்தில் நடந்த சிறிய மோதலில் ஓர் இளம்பெண் இவ்வாறு உயிரிழந்தார். அந்த மோதல் உயிரைப் பறிக்கக்கூடியதன்று; காக்க வேண்டிய கருவிதான் உயிரைப் பறித்தது. அமெரிக்காவில் மட்டும் 28 பேர் இறந்ததாகவும் 400 பேருக்குமேல் காயமடைந்ததாகவும் அந்நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு கூறுகிறது. அங்கு சுமார் 6.7 கோடி காற்றுப்பைகளைத் திரும்பப் பெற வேண்டியிருந்தது. சூடும் ஈரப்பதமும் மிகுந்த ஃபுளோரிடா போன்ற பகுதிகளுக்கு முன்னுரிமை தரப்பட்டது. மலேசியாவிலும் உயிரிழப்புகள் நேர்ந்தன. இந்தியாவிலும் ஹோண்டா உள்ளிட்ட நிறுவனங்கள் கார்களைத் திரும்ப அழைத்து இப்பகுதியை மாற்றிக் கொடுத்தன. கடலோரத்தில் வாழும் நாம் இதை அயல்நாட்டுச் செய்தி என்று ஒதுக்கிவிட முடியாது.

சோதனை முடிவுகளை மறைத்து வாடிக்கையாளர்களை ஏமாற்றிய குற்றத்தை 2017இல் டகாட்டா ஒப்புக்கொண்டது. 100 கோடி டாலர் செலுத்த இசைந்தது. அதில் 85 கோடி கார் நிறுவனங்களுக்கு, 2.5 கோடி அபராதம். காயமடைந்தோருக்கும் இறந்தோரின் குடும்பத்தாருக்கும் ஒதுக்கப்பட்டது 12.5 கோடி மட்டுமே. அதே ஆண்டு ஜூன் மாதம் நிறுவனம் திவாலானது. பாதிக்கப்பட்டவர்கள் தனி நிதியங்களிடம் விண்ணப்பித்து இழப்பீடு பெற வேண்டிய நிலை வந்தது. தவறு செய்தவர் யார் என்று தெரிந்துவிட்டாலே இழப்பீடு தானாக வந்துசேராது. உரிய காலத்தில், உரிய சான்றோடு கேட்பவருக்கே அது கிடைக்கும் என்பது இதில் நமக்குள்ள பாடம்.

உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது?

இனி நம் நாட்டுக்கு வருவோம். டெல்லியைச் சேர்ந்த ஒருவர் பாதுகாப்பு அம்சங்களை நம்பி 2015இல் ஹூண்டாய் கிரெட்டா கார் வாங்கினார். 2017 நவம்பரில் டெல்லி–பானிபட் நெடுஞ்சாலையில் விபத்து. காற்றுப்பைகள் விரியவில்லை. தலையிலும் மார்பிலும் பற்களிலும் காயம். அவர் டெல்லி மாநில நுகர்வோர் ஆணையத்தை அணுகினார். மருத்துவச் செலவுக்கும் வருமான இழப்புக்கும் ரூ.2 லட்சம், மன உளைச்சலுக்கு ரூ.50,000, வழக்குச் செலவுக்கு ரூ.50,000, கூடவே வண்டியையும் மாற்றித் தர வேண்டும் என்று ஆணையம் உத்தரவிட்டது. தேசிய ஆணையமும் அதை ஏற்றது.

மோதலின் விசை போதிய அளவில் இல்லை என்ற வாதத்தோடு நிறுவனம் உச்ச நீதிமன்றம் சென்றது. 2022 ஏப்ரல் 20 அன்று நீதிபதிகள் வினீத் சரண், அனிருத்தா போஸ் அமர்வு அதைத் தள்ளுபடி செய்தது. திசைவேகம், விசை ஆகியவற்றைக் கொண்டு மோதலின் தாக்கத்தைக் கணக்கிடும் இயற்பியல் வல்லுநராக நுகர்வோர் இருக்க வேண்டியதில்லை என்பது அத்தீர்ப்பின் சாரம். காற்றுப்பை உள்ள வண்டியை வாங்குபவர், முன்புறம் மோதினால் அது விரியும் என்று நம்புவது இயல்பு. அந்த நம்பிக்கைக்கு ஏற்ற பாதுகாப்பைத் தராத நிறுவனத்துக்கு, மற்றவர்களும் எச்சரிக்கை அடையும் வகையில் தண்டனை இழப்பீடு விதிக்கலாம் என்றும் நீதிமன்றம் கூறியது.

என் நண்பரிடம் சொல்லப்பட்ட "வேகம் பத்தல" என்ற பதிலை இத்தீர்ப்போடு வைத்துப் பாருங்கள். அந்தப் பதில் முடிவான தீர்ப்பன்று; எதிர்த்தரப்பு வைக்கும் ஒரு வாதம் மட்டுமே.

சட்டம் தரும் உரிமை

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. குறைபாடுள்ள பொருளால் ஒருவருக்குத் தீங்கு நேர்ந்தால் உற்பத்தியாளர், விற்பனையாளர், சேவை அளிப்பவர் ஆகியோர் ஏற்க வேண்டிய பொறுப்பைப் பற்றி அதில் 82 முதல் 87 வரை தனிப் பிரிவுகள் உள்ளன. உற்பத்தியில் குறை, வடிவமைப்பில் குறை, உறுதியளித்த தரத்திலிருந்து விலகல், போதிய எச்சரிக்கையோ பயன்பாட்டுக் குறிப்போ தராமை ஆகியவற்றில் எதைக் காட்டினாலும் உற்பத்தியாளர் பொறுப்பாவார்.

நம் ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் ஐயங்கள் சில:

யார் கேட்கலாம்? வண்டியை வாங்கியவர் மட்டுமல்லர். அவர் சம்மதத்தோடு அதைப் பயன்படுத்தியவரும் நுகர்வோரே. இறந்தவரின் சட்டபூர்வ வாரிசுகளும் கேட்கலாம்.

எங்கே கேட்பது? வண்டிக்குக் கொடுத்த விலை ரூ.50 லட்சம் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நாம் குடியிருக்கும் அல்லது பணிபுரியும் மாவட்டத்திலேயே மனு அளிக்கலாம்.

செலவு? விலை ரூ.5 லட்சம் வரை கட்டணம் இல்லை. அதற்குமேல் ரூ.10 லட்சம் வரை ரூ.200, ரூ.20 லட்சம் வரை ரூ.400, ரூ.50 லட்சம் வரை ரூ.1,000. வழக்கறிஞர் இல்லாமல் தாமே வாதாடலாம் என்றாலும், காயம் தொடர்பான வழக்கில் அனுபவமுள்ளவரின் துணை நல்லது.

எத்தனை காலத்துக்குள்? இரண்டு ஆண்டுகளுக்குள். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஆணையம் ஏற்கலாம். அதை நம்பிக் காத்திருக்கக் கூடாது.

முதற்கட்ட வழிகாட்டுதலுக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் வேறு; இது வேறு. எதிரே வந்த ஓட்டுநரின் தவறால் நேர்ந்த காயத்துக்கு அவரிடமும் அவருடைய காப்பீட்டு நிறுவனத்திடமும் இழப்பீடு கேட்பது தீர்ப்பாயத்தில். விபத்துக்கு யார் காரணமாக இருந்தாலும், பாதுகாப்புக் கருவி செயல்படாமல் காயம் கூடியது என்று வண்டியைச் செய்தவரிடம் கேட்பது நுகர்வோர் ஆணையத்தில்.

விபத்துக்குப் பின் செய்ய வேண்டியவை

முதலில் மருத்துவம். மருத்துவரிடம் இருக்கைப் பட்டை அணிந்திருந்ததையும் காற்றுப்பை விரியாததையும் சொல்லிப் பதியச் செய்யுங்கள்.

அடுத்து புகைப்படங்கள். வண்டியின் முன்புறம், பக்கங்கள், திசைமாற்றிச் சக்கரம், இருக்கைப் பட்டை, எச்சரிக்கை விளக்குகள், மோதிய இடம் என எல்லாவற்றையும் பல கோணங்களில் எடுக்கச் சொல்லுங்கள். காவல் நிலையத்தில் தகவல் பதிந்து அதன் நகலைப் பெறுங்கள்.

மூன்றாவது, எல்லாவற்றிலும் முக்கியமானது: வண்டியை விட்டுவிடாதீர்கள். பல கார்களில் காற்றுப்பையின் கட்டுப்பாட்டுக் கணினி, மோதலுக்குச் சற்று முந்தைய வேகம், பட்டை அணிந்த விவரம் போன்றவற்றைப் பதிந்து வைத்திருக்கும். வண்டி போனால் அந்தச் சான்றும் போய்விடும். நிறுவனத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் பதிவு அஞ்சலில் கடிதம் எழுதி, நம் முன்னிலையில் ஆய்வு செய்யவும், அதுவரை எந்தப் பகுதியையும் கழற்றாமல் இருக்கவும் கேளுங்கள். "பழுது பார்த்துவிடுகிறோம், கையெழுத்துப் போடுங்கள்" என்றால் படித்துப் பார்க்காமல் போடாதீர்கள். குறையைக் கண்டறியப் பொருளைத் தகுந்த ஆய்வகத்துக்கு அனுப்பவும் இடைக்கால உத்தரவு இடவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

கோரிக்கை எப்போது வலுவிழக்கும்?

எல்லா விபத்திலும் காற்றுப்பை விரிந்தாக வேண்டும் என்பதில்லை. பின்னாலிருந்து இடித்தாலோ மெதுவாக மோதினாலோ முன்பைகள் விரியாமல் இருப்பதே முறை. பொருளைத் தவறாகப் பயன்படுத்தியிருந்தாலோ மாற்றியமைத்திருந்தாலோ பொருளின் விற்பனையாளருக்கு 87ஆம் பிரிவு பாதுகாப்பு தருகிறது. முன்னால் பொருத்தும் இரும்புக் கம்பித் தடுப்பு மோதலின் தாக்கத்தை உணரிகளுக்குச் சரியாகக் கடத்தாது. அது விதிகளுக்கும் புறம்பானது. பக்கவாட்டுப் பையை மூடும் இருக்கை உறை, வெளிக்கடையில் மாற்றிய திசைமாற்றிச் சக்கரம் ஆகியவையும் அப்படியே. முன்பலகையில் பயணிக்கான பை இருக்கும் இடத்தின்மேல் பிள்ளையார் சிலையை ஒட்டி வைப்பது நம் வழக்கம். பை விரிந்தால் அந்தச் சிலை எறிகல் போல் முகத்தை நோக்கி வரும். சாமியைச் சற்றுத் தள்ளி, பை இல்லாத இடத்தில் வைப்போம்.

பழைய கார் வாங்குபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சாவியைத் திருப்பியதும் காற்றுப்பைக்கான விளக்கு எரிந்து சில விநாடிகளில் அணைய வேண்டும். எரியாமலே இருந்தாலும், அணையாமல் நின்றாலும் கோளாறு. வெள்ளத்தில் நின்ற வண்டியா, முன்பே பை விரிந்த வண்டியா என்று விசாரியுங்கள். சேசிஸ் எண்ணை நிறுவனத்தின் இணையதளத்திலோ சர்வீஸ் சென்டரிலோ கொடுத்தால், குறை காரணமாகத் திரும்ப அழைக்கப்பட்ட வண்டியா என்று தெரிந்துவிடும். அப்படியானால் இலவசமாக மாற்றித் தருவார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 110அ பிரிவு, குறையுள்ள வண்டிகளைத் திரும்பப் பெறுமாறு உற்பத்தியாளருக்கு உத்தரவிடும் அதிகாரத்தை அரசுக்குத் தந்துள்ளது.

வகுப்பறைக்கு

பத்தாம் வகுப்பில் கணத்தாக்கு முடிந்ததும் நான் இப்போது ஒரு செயல்பாடு தருகிறேன். ஒரு விபத்தை விவரித்து, மாணவர்களை இரண்டு குழுவாகப் பிரிக்கிறேன். ஒரு குழு நுகர்வோர், மற்றொன்று நிறுவனம். எந்தச் சான்று வேண்டும், அது எங்கே கிடைக்கும் என்று பட்டியலிட வேண்டும். சென்ற முறை ஒரு மாணவி எழுதிய பட்டியலின் முதல் வரி, "வண்டியை விற்கக் கூடாது". எட்டு மாதம் கழித்து எங்களுக்குத் தெரிந்த செய்தி அவளுக்கு எட்டு நிமிடத்தில் புரிந்திருந்தது.

நண்பர் இப்போது நலமாக இருக்கிறார். குளிர்காலத்தில் தாடை வலிக்கும் என்பார். அவருக்கு இழப்பீடு கிடைக்கவில்லை. இக்கட்டுரையை எழுதப் போகிறேன் என்றதும், "என் பேரைப் போடாதீங்க சார், ஆனா வண்டிய விட்டுடாதீங்கன்னு பெருசா போடுங்க" என்றார். போட்டுவிட்டேன்.