கடையில் உட்கார்ந்தால் தப்பா? சட்டம் வந்தும் நின்றுகொண்டே இருக்கும் ஊழியர்கள்.. ‘உட்காரும் உரிமை’ என்ன சொல்கிறது?

சிந்தாதிரிப்பேட்டை ரிச்சி தெருவில் ஒரு சார்ஜர் வாங்கப் போகிறீர்கள். நாலு கடை ஏறி இறங்கி, ஆன்லைன் விலையைக் காட்டி, பேரம் பேசி வாங்கி வந்துவிடுவீர்கள். மொத்தம் அரை மணி நேரம். கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவருக்கு அதே கேள்வி காலையிலிருந்து நாற்பதாவது தடவை. “அண்ணே, கடைசி ரேட் என்ன?” விலையைக் குறைக்கும் அதிகாரம் அவரிடம் இல்லை. வாங்காமல் போனால் திட்டு மட்டும் அவருக்கு.

கூட்டம் இருந்தால்கூட நேரம் ஓடிவிடும். ஆள் வராத மதியம்தான் கொடுமை. செல்போனை எடுக்கக் கூடாது, பக்கத்து ஆளிடம் பேசக் கூடாது, சாயக் கூடாது. மேலே கேமரா பார்த்துக்கொண்டிருக்கும். பெரிய ஜவுளிக்கடை, நகைக்கடை என்றால் இன்னும் கண்டிப்பு. வேலையே இல்லாவிட்டாலும் நிற்க வேண்டும், ஏனென்றால் உட்கார்ந்திருந்தால் ‘சுறுசுறுப்பாக இல்லை’ என்று வாடிக்கையாளர் நினைப்பாராம். தி.நகர் ரங்கநாதன் தெருவை வைத்து வசந்தபாலன் எடுத்த ‘அங்காடித் தெரு’ 2010-ல் வந்தது. ஜவுளிக்கடைக்குள் என்ன நடக்கிறது என்று பலருக்கும் அப்போதுதான் உறைத்தது.

சட்டம் எப்போது வந்தது?

2021 செப்டம்பர் 6. தமிழ்நாடு சட்டப்பேரவையில் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி.கணேசன் ஒரு திருத்த மசோதாவை தாக்கல் செய்தார். 1947-ம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு புதிய பிரிவு. அதன் சாரம் இதுதான்: ஒவ்வொரு நிறுவனத்திலும் எல்லா ஊழியர்களுக்கும் பொருத்தமான இருக்கை வசதி இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்பு கிடைக்கும்போது அவர்கள் உட்கார்ந்துகொள்ளலாம். நாள் முழுக்க நின்றபடியே இருக்கும் நிலையைத் தவிர்ப்பதுதான் நோக்கம். மசோதா அதே மாதம் நிறைவேறியது.

இந்த விஷயத்தில் நமக்கு முன்னோடி கேரளா. அங்கே 2018-லேயே இதற்காகச் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். அதுவும் அரசு தானாக மனமிரங்கிக் கொடுத்தது இல்லை. கோழிக்கோடு மிட்டாய் தெருவில் கடை ஊழியர்களான பெண்களை விஜி என்பவர் ஒன்றுதிரட்டினார். அவர்களின் முதல் கோரிக்கை நாற்காலிகூட இல்லை, கழிவறை! போக இடமில்லாததால் பல பெண்கள் வேலை நேரத்தில் தண்ணீர் குடிப்பதையே தவிர்த்தார்கள். அங்கிருந்து வளர்ந்ததுதான் உட்காரும் உரிமைப் போராட்டம். பிரிட்டனில் கடைப் பெண்களுக்கு இருக்கை போடச் சொல்லும் சட்டம் 1899-லேயே வந்துவிட்டது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். நமக்கு 122 வருஷம் கூடுதலாகத் தேவைப்பட்டிருக்கிறது.

நின்றால் உடம்புக்கு என்ன?

நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி விரிந்து, ரத்தத்தை மேலே இதயத்துக்குத் தள்ளும். ஒரே இடத்தில் நின்றால் அந்த பம்ப் வேலை செய்யாது. ரத்தம் காலிலேயே தேங்கி நரம்புகள் புடைக்கும். ‘வெரிகோஸ் வெயின்’ என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். கால் வீக்கம், குதிகால் வலி, இடுப்பு வலி எல்லாம் கூடவே வரும்.

அப்புறம் ஏன் இன்னும் நிற்கிறார்கள்?

சிக்கல் சட்டத்தின் வார்த்தைகளிலேயே இருக்கிறது. ‘வாய்ப்பு கிடைக்கும்போது’ உட்காரலாம். அந்த வாய்ப்பு வந்துவிட்டதா என்று முடிவு செய்வது யார்? ஃப்ளோர் சூப்பர்வைசர்! ஒரு மணி நேரத்துக்கு இத்தனை நிமிடம் என்று அந்தப் பிரிவில் எந்தக் கணக்கும் இல்லை. மூலையில் நாலு ஸ்டூல் போட்டுவிட்டு ‘வசதி இருக்கிறது’ என்று ஒரு கடை கணக்குக் காட்டலாம். அதில் உட்கார்ந்தவரை மறுநாள் வேறு செக்‌ஷனுக்கு மாற்றினால் யாரிடம் போய் நிரூபிப்பது?

இதே சட்டத்தில் பலருக்குத் தெரியாத வேறு விஷயங்களும் இருக்கின்றன. வேலை நேரம் ஒரு நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. ஓவர்டைம் சேர்த்தாலும் நாளைக்கு 10, வாரத்துக்கு 54-ஐத் தாண்டக் கூடாது, அந்த ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம். தொடர்ந்து 4 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்குவதாக இருந்தால் நடுவில் 1 மணி நேர ஓய்வு. வாரத்தில் ஒரு முழு நாள் லீவு. 6 மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீஸும் இல்லாமல் நீக்க முடியாது (ஒழுங்கீனக் குற்றச்சாட்டு நிரூபணமானால் நோட்டீஸ் தேவையில்லை). காலை 10 மணிக்கு ஷட்டர் தூக்கி ராத்திரி 10 மணிக்கு இறக்கும் கடையில் இருப்பவர் இதைப் படித்தால் சிரிப்பார்.

புகார் எங்கே? அந்தப் பகுதி தொழிலாளர் ஆய்வாளரிடம் எழுத்தில் தரலாம். சென்னையில் தொழிலாளர் ஆணையர் அலுவலகம் தேனாம்பேட்டை டிஎம்எஸ் வளாகத்தில் இருக்கிறது. ஆனால் நியமனக் கடிதமே கையில் இல்லாதவர், ஊரிலிருந்து வந்து கடை ஹாஸ்டலிலேயே தங்கியிருப்பவர், தன் பெயரைப் போட்டுப் புகார் எழுதுவாரா? வேலை போனால் அன்று ராத்திரி படுக்கவும் இடம் இருக்காது. ஆகவே புகாருக்குக் காத்திருக்காமல் ஆய்வாளர்கள் தாங்களே கடைக்குள் போய்ப் பார்ப்பதுதான் நடைமுறையில் பலன் தரும் வழி.

1734 வாக்கில் நெசவாளர்களைக் குடியேற்றி உருவான ஊர் சிந்தாதிரிப்பேட்டை. ‘சின்ன தறிப் பேட்டை’தான் அப்படி மருவியது என்பார்கள். முன்பு நேப்பியர் பூங்காவாக இருந்த மே தினப் பூங்காவும் இங்கேதான் இருக்கிறது. மே 1-ம் தேதி அங்குள்ள நினைவுச் சின்னத்துக்கு மரியாதை செலுத்தப்படுவதுண்டு. 1958-ம் ஆண்டுச் சட்டப்படி அன்று கடை ஊழியர்களுக்குச் சம்பளத்தோடு விடுமுறை. வேலைக்கு வரச் சொன்னால் இரட்டைச் சம்பளமோ, சம்பளத்தோடு மாற்று விடுமுறையோ தர வேண்டும். அடுத்த மே 1 அன்று கடைக்குப் போனால், உங்களுக்கு பில் போடுபவரிடம் கேட்டுப் பாருங்கள்.