பெரிய பண்ணை இருந்தால்தான் மானியமா?

மகள் பிரசவமோ, மகன் கல்லூரிக் கட்டணமோ வந்தால் இரண்டு குட்டிகளை விற்பார்கள். சங்கரன்கோவில் வட்டாரத்தில் அருந்ததியர், காட்டுநாயக்கர் குடும்பங்கள் பலவற்றுக்கு வீட்டுக்குப் பின்னால் நிற்கும் இரண்டு மூன்று கருப்புப் பன்றிகள்தான் சேமிப்பு. கழனித்தண்ணீர், தவிடு, ஓட்டல் மிச்சம் போதும். சினைக்காலம் மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள். வெள்ளைப் பன்றி ஓர் ஈற்றில் பத்துக் குட்டி வரை போடும். நாட்டுப்பன்றிக்குக் குட்டி குறைவுதான். ஆனால் நம் வெயிலையும் தீவனப் பஞ்சத்தையும் தாங்குவது அதுதான்.

வங்கத்தின் குங்ரு, கோவாவின் அகோண்டா, நாகாலாந்தின் தென்யி வோ எல்லாம் மத்திய அரசின் பதிவு பெற்ற நாட்டினங்கள். நம் ஊர்க் கருப்புக்கோ 'தெருப்பன்றி' என்றுதான் பெயர். இத்தனைக்கும் சங்கரநாராயணரில் பாதி திருமால். வராகம் என்றால் கைகூப்புகிற ஊர் இது.

தேசிய கால்நடை இயக்கத்தில் பன்றிப் பண்ணைக்கும் 50 சதவீத மானியம் உண்டு. 100 பெண் பன்றி, 10 ஆண் பன்றி என்றால் 30 லட்சம் ரூபாய் வரை. மீதியைக் கைப்பணமாகவோ வங்கிக் கடனாகவோ காட்ட வேண்டும். மூன்று சென்ட் மனையில் குடியிருப்பவர் அவ்வளவு பெரிய பண்ணையை எங்கே வைப்பார்? தலைமுறையாக ஏச்சு வாங்கியவர் வெளியே நிற்க, நிலமும் முதலும் உள்ளவர் தொழில்முனைவோர் ஆகிறார். அவர் பன்றி வளர்த்தால் யாரும் மூக்கைப் பொத்துவதில்லை.

சங்கரன்கோவில் தனித்தொகுதி. மூன்று பெண் பன்றிக்கும் ஓர் ஆணுக்கும் தாட்கோ கடன், பொதுக் கொட்டகை போடக் கொஞ்சம் புறம்போக்கு நிலம், இவ்வளவுதான் கேட்கிறோம். ஆடு மாடுகளுக்கு முகாம் போடும் நாளில் பன்றிக்கும் காய்ச்சல் தடுப்பூசி போடுங்கள்.