ஒரே மதிப்புக்கு இரண்டு பெயர்

இணையதளங்களை இயக்கும் மொழிகளில் ஒன்று பிஎச்பி. ராஸ்மஸ் லெர்டார்ஃப் என்பவர் 1994இல் தம் சொந்த இணையப் பக்கத்துக்காகச் செய்த சிறு கருவிகள்தான் இப்படி வளர்ந்து நிற்கின்றன. நீங்கள் படிக்கும் விக்கிப்பீடியாவும் பிஎச்பியில் எழுதப்பட்டதுதான். இந்த மொழியில், ஒரு மதிப்பை வைத்திருக்கும் மாறியின் பெயருக்கு முன்னால் $ போடவேண்டும். பெயர் தமிழிலேயே இருக்கலாம்!

$கண்ணன் = 5;
$குட்டி = $கண்ணன்;
$குட்டி = 8;

இப்போது $கண்ணன் எவ்வளவு? 5தான். குட்டிக்குப் போனது வெறும் நகல். இரண்டாவது வரியில் ஒரு குறியைச் சேர்ப்போம்:

$குட்டி = &$கண்ணன்;

இனி $குட்டியை 8 ஆக்கினால் $கண்ணனும் 8 ஆகிவிடும்! பள்ளியில் கண்ணன், வீட்டில் குட்டி என்று ஒரே பையனுக்கு இரண்டு பெயர் இருப்பதைப் போலத்தான். குட்டிக்கு முடி வெட்டினால் கண்ணனுக்கும் வெட்டியாயிற்று அல்லவா? 'அன்செட்' என்ற கட்டளையால் $குட்டியை நீக்கினால் அந்தப் பெயர் மட்டும் போகும். $கண்ணனிடம் 8 பத்திரமாக இருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்த புதிர் இனிமேல்தான் வருகிறது. $பட்டியல் = [1, 2, 3] என்று வைத்துக்கொள்வோம். அதன் எண்களை ஒவ்வொன்றாகப் பார்க்க ஒரு சுற்று எழுதுகிறோம். &$எண் என்று & குறியோடு எழுதுகிறோம். அதனால் $எண் முதலில் 1க்கும், பிறகு 2க்கும், கடைசியில் 3க்கும் இன்னொரு பெயராகிறது. சுற்று முடிந்தாலும் அந்தக் கடைசி இடத்தின் பெயராகவே அது நின்றுவிடுகிறது.

அதே பட்டியலை இன்னொரு முறை சுற்றுவோம். இந்த முறை & இல்லை, வெறும் $எண்தான். முதலில் 1ஐ எடுத்து $எண்ணில் போடுகிறது கணினி. $எண் என்பது மூன்றாம் இடமாயிற்றே! பட்டியல் [1, 2, 1] ஆகிறது. அடுத்து 2ஐப் போட, [1, 2, 2]. மூன்றாம் இடத்துக்கு வரும்போது அங்கே இருப்பதே 2தான். அதையே எடுத்து அங்கேயே போடுகிறது. 3 காணாமல் போய்விட்டது!

கணினி தவறு செய்யவில்லை, சொன்னதைத்தான் செய்தது. பெரியவர்களையும் இது திணறடிப்பதால் மொழியின் கையேட்டிலேயே எச்சரிக்கை எழுதி வைத்திருக்கிறார்கள்: முதல் சுற்று முடிந்ததும் $எண்ணை 'அன்செட்' செய்துவிடுங்கள். அந்த ஒரு வரியை எழுதிவிட்டு இரண்டாவது சுற்றை ஓட்டினால் 3 அதன் இடத்திலேயே இருக்கும்.