தள்ளுபடியும் பங்கும்



2023ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கு விசாரணைக்கு வந்தது. மாணவர்களுக்கு அரசு கொடுத்த கல்விக் கடனில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்யக் கல்வி அமைச்சருக்கு அதிகாரம் உண்டா என்பது வழக்கு. விசாரணையின் நடுவே தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் கதைபோல ஒன்றைச் சொல்லிக் கேள்வி எழுப்பினார். உயர்நிலைப் பள்ளியை முடித்த இருவர். இருவருக்கும் கல்லூரிக்குச் செல்ல வசதி இல்லை. ஒருவர் கடன் வாங்கிக் கல்லூரியில் சேர்கிறார். மற்றவர் வங்கியில் கடன் வாங்கி, வீடுகளின் புல்வெளிகளைப் பராமரிக்கும் தொழிலைத் தொடங்குகிறார். வாழ்நாளில் கூடுதலாகச் சம்பாதிக்கப் போகிறவர் பெரும்பாலும் முன்னவரே. அவருடைய கடனை நீக்க அரசு முன்வருகிறது. பின்னவரிடம், உன் கடனை நீ கட்ட வேண்டாம் என்று சொல்ல ஒருவரும் இல்லை.

இந்தக் கேள்வியையே இன்று நான் உங்கள்முன் வைக்க விரும்புகிறேன். கல்விக் கடனைத் தள்ளுபடி செய்வது நியாயமா? அந்தப் பணத்தைப் படித்தவர், படிக்காதவர் என்று பாராமல் எல்லார்க்கும் அடிப்படை வருமானமாகப் பங்கிட்டுக் கொடுப்பது அதைவிட நியாயமா? அமெரிக்காவில் இவ்விரு கொள்கைகளுக்கும் ஆதரவாளர் பலர் உண்டு. இரண்டையும் ஒரே தராசில் வைத்துப் பேசுவோரும் உண்டு.

முதலில் கடனின் கதை. 1957இல் சோவியத் நாடு ஸ்புட்னிக் என்னும் செயற்கைக் கோளை விண்ணில் செலுத்தியது. அறிவியலில் பின்தங்கிவிட்டோமோ என்று அமெரிக்கா அஞ்சியது. அந்த அச்சத்தின் விளைவாக 1958இல் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் பிறந்தது. கல்லூரி மாணவர்க்குக் குறைந்த வட்டியில் அரசுப் பணம் கடனாகக் கிடைத்தது. அச்சட்டத்திலேயே ஒரு தள்ளுபடியும் இருந்தது என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். கடன் வாங்கிப் படித்தவர் பொதுப் பள்ளியில் ஆசிரியராகப் பணியாற்றினால், ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்கு வீதம் ஐந்தாண்டுகளில் பாதிக் கடன் நீங்கும். அதை எவரும் சலுகை என்று குறை கூறவில்லை. நாட்டுக்கு ஆசிரியர் வேண்டும், அவர் தம் உழைப்பால் கடனில் பாதியைத் தீர்த்தார், கணக்கு நேராயிற்று.

1965இல் உயர்கல்விச் சட்டம் வந்தது. அதன்பின் கடன் பெருகியது. கல்லூரிக் கட்டணமும் கூடவே ஏறியது. சட்டம் மட்டும் கடனாளியை மேலும் மேலும் இறுக்கியது. வியாபாரத்தில் நொடித்துப் போனவர் நீதிமன்றத்தில் திவால் மனுப் போட்டுக் கடன்களிலிருந்து விடுபடலாம். கல்விக் கடனுக்கு அந்த வாசல் 1976 முதல் குறுகத் தொடங்கியது. முதலில் ஐந்தாண்டு காத்திருக்க வேண்டும் என்றார்கள். 1998இல், எத்தனை ஆண்டு ஆயினும் தாங்கொணாத் துன்பத்தை நீதிமன்றத்தில் நிறுவினால் அன்றி அரசுக் கல்விக் கடன் நீங்காது என்று ஆக்கிவிட்டார்கள். சூதாடி இழந்த பணத்துக்குக்கூடத் திவால் சட்டத்தில் வழி இருக்கிறது. வேதியியல் படித்த கடனுக்கு வழி அரிது!

வட்டியையும் பாருங்கள். ஒருவருக்கு 30,000 டாலர் கடன். வட்டி நூற்றுக்கு 6 என்று கொள்வோம். ஆண்டு வட்டி 1,800 டாலர். வருமானத்துக்கு ஏற்ற தவணை என்று அவர் மாதம் 100 டாலர் செலுத்துகிறார். ஆண்டு முடிவில் 1,200 டாலர் கட்டிய பிறகும் அவருடைய கடன் 30,600 டாலராக நிற்கும். ஓட்டைக் குடத்தில் நீர் இறைப்பது போன்றது இது. இத்தகைய நிலையில் பல ஆண்டுகள் கட்டியும், தாம் வாங்கிய தொகையைவிட அதிகமாகக் கடன்பட்டு நிற்போர் அந்நாட்டில் ஏராளம்.

2022 ஆகஸ்டில் ஜனாதிபதி ஜோ பைடன் தம் திட்டத்தை அறிவித்தார். அப்போது மத்திய அரசுக்கு மாணவர் செலுத்த வேண்டிய கடன் ஏறத்தாழ 1,60,000 கோடி டாலர். கடனாளிகள் 4 கோடிப் பேருக்கு மேல். ஆண்டு வருமானம் 1,25,000 டாலருக்குக் குறைந்தவர்க்கு 10,000 டாலர் வரையும், அவர்களுள் ஏழை மாணவர்க்குரிய பெல் உதவித்தொகை பெற்றிருந்தவர்க்கு 20,000 டாலர் வரையும் தள்ளுபடி. அரசுக்கு ஆகும் செலவு 40,000 கோடி டாலர் அளவில் இருக்கும் என்று அந்நாட்டுச் சட்டமன்றத்தின் வரவுசெலவு அலுவலகம் மதிப்பிட்டது.

இனி, தலைமை நீதிபதியின் கேள்விக்கு வருவோம். முதலில் கேட்டபோது அதற்கு மறுமொழி கிடையாது என்றே நான் எண்ணினேன். பிறகு இரண்டு செய்திகள் என் எண்ணத்தைச் சற்று மாற்றின.

ஒன்று, கடனாளி யார் என்பது. கடன் என்றதும் மருத்துவரும் வழக்கறிஞரும் நம் நினைவுக்கு வருகின்றனர். அவர்கள் பெருந்தொகை வாங்குகின்றனர். ஆனால் பெரும்பாலும் கட்டியும் விடுகின்றனர். தவணை தவறித் தவிப்போருள் பெரும்பகுதியினர் சிறு தொகை வாங்கி, ஓராண்டோ ஈராண்டோ படித்து, பட்டம் பெறாமல் வெளியேறியவர்கள். தாய்க்கு நோய், கைக்குழந்தை, இரவு வேலை என்று அவர்கள் படிப்பு நின்றிருக்கும். பட்டம் இல்லை, கடன் மட்டும் உண்டு. புல்வெளித் தொழிலாளிக்கு எதிரே நிறுத்த வேண்டியவர் இவர்தாம்.

மற்றொன்று, புல்வெளித் தொழிலாளிக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை என்பதும் உண்மையன்று. 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் சிறு தொழில்களின் ஊதியப் பாதுகாப்புக்காக அமெரிக்க அரசு ஏறத்தாழ 80,000 கோடி டாலர் கடன் வழங்க ஏற்பாடு செய்தது. அதன் பெரும்பகுதி பின்னர்த் தள்ளுபடி ஆயிற்று. நீதிபதி சோனியா சோட்டோமேயர் அன்றைய விசாரணையில் இப்பொருளையே தொட்டார்: பெருந்தொற்றில் எல்லோரும் துன்புற்றனர், அவரவர் தகுதிக்கேற்ப வெவ்வேறு திட்டங்களில் வெவ்வேறு உதவி பெற்றனர் அல்லவா என்று கேட்டார்.

இருப்பினும் கேள்வி முற்றிலும் தீர்ந்துவிடவில்லை. கடனும் வாங்காமல், தொழிலும் தொடங்காமல், கூலிக்கு உழைத்த மூன்றாமவர் ஒருவர் இருக்கிறாரே! அமெரிக்காவில் 25 வயதுக்கு மேற்பட்டோருள் இளங்கலைப் பட்டம் பெற்றவர் நூற்றுக்கு 38 பேர் அளவில்தான்.

ஈண்டு என் வீட்டுச் செய்தி ஒன்றைச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன். என் தமையனார் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு ஒரு சைக்கிள் கடையில் வேலைக்கு அமர்ந்தார். என் கல்லூரிக் கட்டணத்தில் பாதி, சக்கரங்களுக்குப் பஞ்சர் ஒட்டிய அவர் கைகளிலிருந்து வந்தது. எந்த வங்கியின் ஏட்டிலும் அவர் பெயரில் கல்விக் கடன் கிடையாது. அமெரிக்கத் தள்ளுபடி பற்றிய செய்தியை நான் ஒருநாள் அவருக்குப் படித்துக் காட்டினேன். முழுதும் கேட்டுவிட்டு, “படித்தவனுக்குத் தள்ளுபடி, சரி தம்பி, படிக்க வைத்தவனுக்கு?” என்று கேட்டார். நான் பேச்சை மாற்றினேன்.

படிக்க வைத்தவரையும் சேர்த்து எண்ணும் கொள்கைதான் அடிப்படை வருமானம். ஏழை, செல்வர், கற்றார், கல்லார் என்ற வேறுபாடின்றி ஒவ்வொருவர்க்கும் அரசு குறித்த தொகையைக் குறித்த காலத்தில் கொடுத்துவிடுவது. இது நேற்று முளைத்த எண்ணமன்று. தாமஸ் பெயின் 1797இல் வெளியிட்ட நிலவுரிமை பற்றிய நூலில் இதற்கு வித்து இருக்கிறது. நிலம் இயல்பில் எல்லார்க்கும் பொது; அதைச் சிலர் உடைமையாக்கிக் கொண்டமையால் மற்றவர்க்கு ஈடு தர வேண்டும் என்றார் அவர். 21 வயது அடைந்த ஒவ்வொருவர்க்கும் 15 பவுன், 50 வயதுக்குப்பின் ஆண்டுதோறும் 10 பவுன் என்பது அவர் போட்ட கணக்கு. அதைத் தருமம் என்று அவர் சொல்லவில்லை, உரிமை என்றே சொன்னார். இந்தச் சொல்லைக் கவனியுங்கள்.

பெயின் கனவின் ஒரு சிறு கீற்று அலாஸ்கா மாநிலத்தில் நனவாயிற்று. அங்கே எண்ணெய் வளம் உண்டு. 1976இல் அரசியலமைப்பைத் திருத்தி, எண்ணெய் வருவாயின் ஒரு பகுதியை நிலையான நிதியாகச் சேர்த்தனர். அந்நிதியின் ஆதாயத்தை மக்களுக்குப் பங்கிட முடிவு செய்தபோதுதான் நியாயம் பற்றிய வழக்கு எழுந்தது. மாநிலத்தில் வாழ்ந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 50 டாலர் என்று முதலில் சட்டம் செய்தார்கள். 1959 முதல் வாழ்ந்தவர்க்கு 1,050 டாலர். ஓராண்டுதான் ஆனவர்க்கு 50 டாலர். பனியிலும் குளிரிலும் முதலில் வந்து பாடுபட்டவர்க்கு அதிகம் என்பது அவர்கள் நியாயம். 1978இல் குடியேறிய ஒரு தம்பதியர் வழக்குத் தொடுத்தனர். 1982 ஜூனில் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தைச் செல்லாதென்றது. அவ்வாண்டு குழந்தை முதல் கிழவர் வரை ஆளுக்கு 1,000 டாலர் சமமாகக் கிடைத்தது. அன்று முதல் ஆண்டுதோறும், ஏறியும் இறங்கியும், அந்தப் பங்கு போய்ச் சேர்கிறது. பட்டம் உண்டா, கடன் உண்டா என்று கேட்பார் இல்லை.

அப்படியானால் பைடனின் 40,000 கோடி டாலரை எல்லார்க்கும் பங்கிட்டிருக்கலாமே என்று தோன்றும். எழுதுகோலை எடுங்கள். அமெரிக்காவில் வயது வந்தோர் ஏறத்தாழ 26 கோடிப் பேர். வகுத்தால் ஆளுக்கு 1,540 டாலர் வரும். அதுவும் ஒரே ஒரு முறை. நகரத்தில் ஓரிரு மாத வீட்டு வாடகைக்குச் சரியாகும். மாறாக, 2020ஆம் ஆண்டுத் தேர்தலுக்காகப் போட்டியிட்ட ஆண்ட்ரூ யாங் சொன்னதுபோல் மாதம் 1,000 டாலர் கொடுப்பதானால் ஆண்டுக்கு 3,12,000 கோடி டாலர் வேண்டும். 2022இல் அந்நாட்டு மத்திய அரசின் மொத்தச் செலவில் இது பாதியளவு. செல்வரிடம் கொடுத்ததை வரியாகத் திரும்பப் பெறலாம் என்பது உண்மையே. ஆனாலும் அந்த வரியை விதிக்கத் துணிந்த அரசு இன்னும் அங்கே அமையவில்லை. ஆக, ஒரே பணத்தை இப்படிச் செலவிடலாமா அப்படிச் செலவிடலாமா என்று ஒப்பிடுவது குளத்தையும் குடத்தையும் ஒப்பிடுவதாகும்.

என் கருத்தில், இவ்விரண்டும் ஒரே கேள்விக்கு வந்த இரு விடைகள் அல்ல. அடிப்படை வருமானம் பங்கு கேட்பது. பங்குக்குக் காரணம் காட்ட வேண்டியதில்லை, பிறந்ததே போதும். தள்ளுபடி பரிகாரம் கேட்பது. பரிகாரத்துக்கு இழைக்கப்பட்ட தவறு ஒன்றைக் காட்டியாக வேண்டும். காட்ட முடிந்த இடத்தில் தள்ளுபடி முழு நியாயம். கொரிந்தியன் கல்லூரிகள் என்ற வணிக நிறுவனம் வேலை கிடைக்கும் என்று பொய் சொல்லி மாணவரைச் சேர்த்து 2015இல் மூடிவிட்டது. அங்கே படித்த 5,60,000 பேரின் 580 கோடி டாலர் கடனை 2022இல் அரசு நீக்கியது. எந்தப் புல்வெளித் தொழிலாளியும் அதற்கு வருந்த இடமில்லை. பொதுப்பணியில் பத்தாண்டு இருந்தால் மீதிக் கடன் நீங்கும் என்று 2007இல் சட்டம் வாக்களித்தது. பத்தாண்டு கழித்து முதலில் விண்ணப்பித்தோருள் ஏறத்தாழ நூற்றுக்கு 99 பேருக்கு, படிவம் தவறு, தவணை வகை தவறு என்று மறுத்துவிட்டனர். கொடுத்த வாக்கை நிறைவேற்றுவதைச் சலுகை என்பது தகாது. ஆனால் எந்தத் தவறும் நேராமல், நல்ல ஊதியத்தில் அமர்ந்துள்ள பட்டதாரிக்கும் 10,000 டாலர் என்னும்போது அது பரிகாரமும் அன்று, பங்கும் அன்று. அந்த இடத்தில் என் தமையனாரின் கேள்விக்கு என்னிடம் மறுமொழி இல்லை.

வழக்கு என்னவாயிற்று என்கிறீர்களா? 2023 ஜூன் 30ஆம் நாள், மூவர்க்கு எதிராக அறுவர் என்ற கணக்கில், நீதிமன்றம் திட்டத்தைத் தள்ளியது. நியாயம் பற்றி அது தீர்ப்புக் கூறவில்லை. 2003ஆம் ஆண்டுச் சட்டம் அமைச்சர்க்கு அவ்வளவு அதிகாரம் தரவில்லை என்றது, அவ்வளவே. பின்னர்ப் பைடன் அரசு பழைய சட்டங்களின் வழியே, மோசம் போனவர், பொதுப்பணியாளர், உடல் ஊனமுற்றோர் முதலிய 50 இலட்சம் பேருக்கு மேற்பட்டோரின் கடனை 2025 தொடக்கத்துக்குள் தனித்தனியே நீக்கியது. தொகை 18,000 கோடி டாலருக்கு மேல்.

பங்கும் கல்வியும் மோதிய காட்சியையும் அலாஸ்காவே காட்டியது. எண்ணெய் விலை விழுந்து மாநிலத்தின் வருவாய் சுருங்கியிருந்த காலம். மக்களுக்கு 3,000 டாலர் அளவில் முழுப் பங்கு தருவதாகச் சொல்லி ஆளுநர் பதவிக்கு வந்த மைக் டன்லீவி, 2019இல் மாநிலப் பல்கலைக்கழகத்துக்குரிய அரசுப் பணத்தில் 13 கோடி டாலரை வெட்டினார். மாணவர் திகைத்தனர், ஆசிரியர் வேறு ஊர்களில் வேலை தேடலாயினர். பலத்த எதிர்ப்புக்குப் பின், வெட்டு மூன்றாண்டுகளில் 7 கோடி டாலர் என்று உடன்பாடு ஏற்பட்டது. அவ்வாண்டு மக்களுக்குக் கிடைத்த பங்கு 1,606 டாலர். அந்தப் பல்கலைக்கழகத்து மாணவர் கையிலும் அதே 1,606 டாலர் வந்து சேர்ந்தது. அடுத்த பருவத்துக்கான கட்டணச் சீட்டும் வந்து சேர்ந்தது.