பிள்ளையின் புள்ளி என்ன சொல்கிறது?



பிள்ளை தேர்ச்சி அறிக்கையை நீட்டுகிறான். கணிதத்திற்கு 40 புள்ளி. "உனக்குப் படிப்பு ஏறாது" என்று வாய் தவறிச் சொல்லிவிடாதீர்கள். நாம் மறந்துவிடுவோம், பிள்ளை மறக்கமாட்டான்.

முதலில் தேர்வுத் தாளைக் கேட்டு வாங்குங்கள். தவறுகள் எங்கே விழுந்திருக்கின்றன என்று பாருங்கள். கூட்டலும் பெருக்கலும் சரியாக இருந்து, நான்கு வரிகளில் கதைபோல் வரும் கணக்குகள் மட்டும் தவறியிருந்தால், அவனுக்கு வாசித்துப் புரிந்துகொள்வதில் சிரமம் இருக்கலாம். வாய்ப்பாடே தெரியாமல் 40 வாங்கும் பிள்ளையும் உண்டு. புள்ளி ஒன்றுதான், மருந்து வேறு. முதல் பிள்ளைக்குக் கதைப் புத்தகம் வேண்டும். இரண்டாம் பிள்ளைக்கு வாய்ப்பாடு வேண்டும். எதுவென்று தெரியாமல் டியூஷனுக்கு அனுப்பினால் பணம்தான் கரையும்.

வகுப்பில் எத்தனையாவது இடம் என்பதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் பிள்ளை முன்னேறியிருந்தும், மற்றவர்கள் அதைவிட முன்னேறினால் இடம் இறங்கத்தான் செய்யும். போன தவணையில் செய்ய முடியாத எதை இப்போது செய்கிறான் என்று பாருங்கள்.

1988-இல் தொடங்கிய யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் அகற்றப்பட்டது. வகுப்பறை மதிப்பீட்டில் 1 முதல் 6 வரை அடைவுநிலை தருகிறார்கள். இங்கேதான் பலர் தடுமாறுகிறோம். ஆறுக்கு மூன்று என்றால் நூற்றுக்கு ஐம்பது என்று பொருளல்ல. கற்றதைத் தெரிந்து, புரிந்து, செய்தும் காட்டுகிறான் என்பதே மூன்றாம் நிலை. ஒன்று அல்லது இரண்டு வந்தால்தான் உடனே ஆசிரியரைப் பார்க்க வேண்டும்.

ஆறாம் ஆண்டில் மலாய்மொழி போதாமல் பிள்ளை புதுமுக வகுப்புக்குப் போக நேர்ந்தால் அதை அவமானமாக நினைக்காதீர்கள். படிவம் ஒன்றுக்கு முன் மொழியைப் பலப்படுத்திக்கொள்ளக் கிடைக்கும் ஓராண்டு அது. "ஒரு வருடம் வீணாகிறதே" என்று படிப்பையே நிறுத்துவதுதான் பெரிய நட்டம்.

நமக்கு எழுத்து அதிகம் தெரியாதே என்று தயங்க வேண்டாம். வேலை முடிந்து ஒருநாள் பள்ளிக்குப் போய் ஆசிரியரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: என் பிள்ளைக்கு எது நன்றாக வருகிறது? எது வரவில்லை? வீட்டில் நாங்கள் என்ன செய்யலாம்?

ஒரு தேர்வு ஒரு நாள் நடப்பது. அன்று காய்ச்சலாக இருந்திருக்கலாம். கரும்பலகை எழுத்து கண்ணுக்குத் தெரியாமலும் இருந்திருக்கலாம். அந்த ஒரு நாளை வைத்துப் பிள்ளையின் வாழ்நாளை எடைபோடலாமா?